முசுறு ஏறிய ரம்புத்தான் மரம்



ஜூன் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை. விடிகாலை ஐந்தரை மணிக்குச் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலுக்கு எதிரே நாற்பது பேர் பேருந்துக்காகக் காத்திருந்தோம். எல்லாரும் நம் இதழின் வாசகர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், அப்பா அம்மாக்கள். ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி, தொப்பி, தூக்குச்சட்டியில் இட்லி. கடற்பாலம் தாண்டி, ஜோகூரில் கோத்தா திங்கிப் பக்கம் இருக்கும் ஒரு பழத்தோட்டத்துக்குப் போவதாகத் திட்டம். நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டால் உள்ளே நாமே மரத்தில் பறித்து வயிறாரச் சாப்பிடலாம். வீட்டுக்கு எடுத்துப் போவதை மட்டும் வாசலில் நிறுத்துக் காசு வாங்கிக்கொள்வார்கள்.

இந்தப் பயணத்துக்கு விதை விழுந்தது தேக்கா சந்தையில். பழக்கடையில் ரம்புத்தானை இலையோடு கொத்துக் கொத்தாகக் கட்டி வைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற சிறுவன் ஒருவன் அந்த இலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அம்மா, இந்த மரம் எவ்வளவு உயரம் இருக்கும்?" என்று கேட்டான். அம்மாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் சொல்ல வரவில்லை. நாற்பது ஆண்டாக அந்தப் பழத்தைச் சாப்பிடுகிறேன். அன்று இரவெல்லாம் அந்தக் கேள்வி மனத்தை விட்டுப் போகவில்லை. மறுநாளே நாலைந்து வாசகர்களைத் தொலைபேசியில் அழைத்தேன்.

தோட்டத்தில் எங்களை முதலில் வரவேற்றது எறும்பு. ரம்புத்தான் கிளை ஒன்று தோளுயரத்துக்குத் தாழ்ந்து கிடந்தது. எட்டு வயதுப் பையன் ஓடிப்போய்க் கொத்தைப் பிடித்தான். அடுத்த நொடி "ஆ!" என்று கையை உதறினான். நீளக் கால்களோடு செம்பழுப்பு நிறத்தில், இலைகளை இழுத்துப் பட்டு நூலால் தைத்துக் கூடு கட்டும் முசுறு அது. பிள்ளைகள் பின்வாங்கினார்கள். பெற்றோர் மருந்தைத் தேடினார்கள்.

கூட்டத்தில் எண்பது வயதை நெருங்கும் பாட்டி ஒருவர் இருந்தார். மகன் குடும்பத்தோடு வந்தவர். பேருந்தில் வாய் திறக்கவே இல்லை. இப்போது அவர்தான் முன்னால் வந்து பையனின் கையைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, "பயப்படாதே கண்ணு. முசுறு இருக்கிற மரத்துல புழு பூச்சி அண்டாது. அது மரத்துக்குக் காவல். நாமதான் ஒதுங்கிப் பறிக்கணும்" என்றார். பிறகு தோட்டக்காரரைப் பார்த்து, "தொரட்டி இருக்குதாய்யா?" என்று கேட்டார்.

மூங்கில் கழியின் நுனியில் இரும்புக் கொக்கி கட்டிய தொரட்டி வந்தது. பாட்டி அதை இரண்டு கையாலும் பிடித்து, கொத்துக்கு ஒரு சாண் மேலே கிளையின் நுனியில் கொக்கியை மாட்டி, ஒரே ஒரு முறுக்கு முறுக்கினார். கொத்து இலையும் குச்சியுமாகக் கீழே வந்தது. பழத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பிய்க்கக் கூடாதாம். நுனிக் குச்சியோடு ஒடித்தால்தான் அந்த இடத்தில் புதுத் துளிர் விடும். அந்தத் துளிரில்தான் அடுத்த பருவத்துப் பூ வரும். பறிப்பதே கவாத்தும் ஆகிவிடுகிறது. தோட்டக்காரர் ஜோகூர் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழர். பாட்டியின் கையை அவர் வியப்போடு பார்த்தார்.

"அம்மா, நீங்க எந்தத் தோட்டம்?"

"தோட்டம் இல்லய்யா. செம்பவாங் கம்பம்."

பாட்டியின் கணவர் செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். கம்பம் என்ற கிராமத்தில் அத்தாப்பு ஓலைக் கூரை வீடு. வாசலில் இரண்டு ரம்புத்தான், கிணற்றடியில் வாழை, பின்னால் ஒரு பலா, வேலியோரம் முருங்கை. 1971-இல் பிரிட்டிஷ் படை வெளியேறியது. அதன் பிறகு சில ஆண்டுகளில் கம்பமும் கலைந்தது; அவர்கள் ஈசூனில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக்குக் குடிபோனார்கள். "அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் தொரட்டி பிடிக்கிறேன்" என்றார். இத்தனை ஆண்டு கழிந்தும் முறுக்கு மறக்கவில்லை.

அதன் பிறகு பிள்ளைகள் தோட்டக்காரரை விட்டுவிட்டுப் பாட்டியின் பின்னாலேயே போனார்கள். பாட்டி பேசிக்கொண்டே நடந்தார். மயிர் விறைப்பாக, நிறம் பளிச்சென்று இருந்தால் ரம்புத்தான் நல்ல பழம். மயிர்நுனி கறுத்து வாடினால் பறித்து நாளாயிற்று என்று பொருள். மலாயில் ரம்புத் என்றால் தலைமயிர், டுரி என்றால் முள். ரம்புத்தான், டுரியான் என்ற பெயர்கள் அப்படி வந்தவை என்று அவர் சொன்னதும், பத்து வயதுப் பெண் ஒருத்தி கையேட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்.

மங்குஸ்தீன் மரத்தடியில்தான் அதிக நேரம் நின்றோம். அந்தப் பழத்தைத் தலைகீழாகத் திருப்பினால் அடியில் சின்னப் பூ ஒன்று பொறித்தாற்போல் இருக்கும். அதன் இதழ்களை எண்ணுங்கள். ஆறு இதழ் என்றால் உள்ளே ஆறு சுளை. ஏழு என்றால் ஏழு. மங்குஸ்தீன் பொய் சொல்லாது என்பார்கள். பிள்ளைகள் எண்ணிச் சொல்வதும், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்தி உடைப்பதும், சரியாக இருந்தால் கத்துவதுமாக அரை மணி நேரம் போனது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது எல்லார் சட்டையிலும் ஊதாக் கறை. அந்தக் கறை சோப்புக்குப் போகாது. ஆனால் ஒரு தாயும் அன்று கோபப்படவில்லை.

டுரியானை மட்டும் யாரும் பறிக்கவில்லை. முற்றிப் பழுத்ததும் அது தானே விழும், பெரும்பாலும் இரவில். தாய்லாந்தில் மரத்திலேயே வெட்டி இறக்குவது வழக்கம். மலேசியாவில் விழுந்த பழத்துக்குத்தான் மதிப்பு. காலையில் பொறுக்கி வைத்திருந்ததைத் தோட்டக்காரர் பிளந்து தந்தார். டுரியான் சூடு, மங்குஸ்தீன் குளிர்ச்சி, இரண்டையும் சேர்த்துத்தான் சாப்பிட வேண்டும் என்று மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவரும் ஒரே வாக்காகச் சொல்வார்கள். நாங்களும் அப்படியே செய்தோம்.

மரத்தில் பறித்துச் சாப்பிட்டால் ருசி கூடுவதற்கு மனம் மட்டும் காரணமல்ல. மா, வாழை, பப்பாளி, சிக்கு எனும் சப்போட்டா இவையெல்லாம் காயாகப் பறித்தாலும் வீட்டில் பழுக்கும். ரம்புத்தான் பழுக்காது, ஸ்ட்ராபெரி, திராட்சை, ஆரஞ்சும் பழுக்கா. காம்பு விட்ட நொடியில் இருந்த இனிப்புதான் கடைசி வரை. தூர தேசத்துக்குப் போகவேண்டிய பழத்தைக் கொஞ்சம் முன்னதாகவே பறித்துவிடுவார்கள். ஆகவே இந்தப் பழங்களின் முழு ருசி மரத்தடிக்குப் போனவர்களுக்குத்தான். கேமரன் மலையில் ஸ்ட்ராபெரியைக் கையால் பறித்துத் தின்ற நம் வாசகர்கள், கடைப் பெட்டியில் வாங்கியது வேறு பழம் போல் இருந்தது என்று சொல்வது இதனால்தான்.

தோட்டத்துக்குப் போய் நாமே பறிக்கும் வழக்கத்துக்கு வேறிடத்திலும் கதை உண்டு. அமெரிக்காவில் 1930-களின் பொருளாதார மந்தத்தில் பழத்துக்கு விலை விழுந்து பறிகூலிகூடக் கட்டாமல் போனபோது, பண்ணைக்காரர்கள் "நீங்களே வந்து பறித்துக்கொள்ளுங்கள்" என்று கதவைத் திறந்துவிட்டார்கள். அங்கே அது அப்படிப் பரவிய வழக்கம். நமக்கோ கம்பத்து வாசலில் தினமும் நடந்ததுதான்.

சிங்கப்பூரில் ஏன் இப்படி ஒரு தோட்டம் இல்லை என்று பேருந்தில் ஒரு தந்தை கேட்டார். நியாயமான கேள்வி. நாம் சாப்பிடுவதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியூரிலிருந்து வருகிறது. விவசாயத்துக்கு இருப்பது நாட்டின் நிலத்தில் சுமார் நூற்றில் ஒரு பங்கு. அதுவும் குத்தகை, இப்போது பெரும்பாலும் 20 ஆண்டு. மங்குஸ்தீன் விதை போட்டால் முதல் காய் காண ஏழெட்டு ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். மரம் நன்றாகக் காய்க்கத் தொடங்கும்போது குத்தகை பாதி தீர்ந்திருக்கும். அதனால்தான் லிம் சூ காங், கிராஞ்சிப் பண்ணைகள் கீரை, முட்டை, மீன் என்று சீக்கிரம் பலன் தருவதில் இறங்கியிருக்கின்றன. அவர்களைக் குறை சொல்ல முடியாது. கிராஞ்சிப் பண்ணையாளர்கள் 2005-இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்து, நகரத்து மக்கள் மண்ணைப் பார்க்க வரட்டும் என்று பண்ணை வாசல்களைத் திறந்துவைத்தார்கள். அதற்கு நான் நன்றி சொல்கிறேன்.

ஆனால் இந்தத் தீவே ஒரு காலத்தில் தோட்டமாக இருந்தது. ராஃபிள்ஸ் 1819-இல் ஜாதிக்காயும் கிராம்பும் அனுப்பிவைத்தார். இன்று ஃபோர்ட் கேனிங் என்று நாம் சொல்லும் குன்றில் 1822-இல் தாவரத் தோட்டம் போட்டார்கள். 1830-களிலும் 1840-களிலும் ஆர்ச்சர்ட் சாலையின் இருபுறமும் ஜாதிக்காய், மிளகு, பழத் தோட்டங்கள். சாலையின் பெயருக்கு அதுவே காரணம் என்பது பரவலான கருத்து. 1850-களில் நோய் வந்து ஜாதிக்காய் மரங்கள் பட்டுப்போயின, தோட்டங்கள் மனைகளாயின. அந்தச் சாலையில்தான் 1983 வரை நம் சிவன் கோயில் இருந்தது என்பது மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

லிட்டில் இந்தியாவுக்கும் பழத்தோடு உறவு உண்டு. ஒரு காலத்தில் இங்கே அன்னாசி பதனிடும் ஆலைகள் இயங்கின. ரப்பர்க் கன்றுகள் வளரும் வரை இடையில் அன்னாசி போடுவது அன்றைய தோட்டக்காரர்களின் வழக்கம். அப்படி அன்னாசியில் பெரும் செல்வம் சேர்த்து "அன்னாசி அரசர்" என்று பேரெடுத்தவர் லிம் நீ சூன். நீ சூன் என்ற இடத்துக்கும், அந்தப் பெயரே மாண்டரினில் மாறி வந்த ஈசூனுக்கும் அவர்தான் மூலம். பாட்டி கம்பத்தை விட்டுக் குடிபோன அதே ஈசூன்! லிட்டில் இந்தியாவில், கெர்பாவ் சாலையில் பிள்ளைகள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் அந்த வண்ண வீடு, 1900-இல் மிட்டாய் ஆலை முதலாளி டான் தெங் நியா கட்டியது. அடுத்த முறை படம் எடுக்கும்போது, இந்தத் தெருக்களில் அன்னாசியும் சர்க்கரையும் மணத்த காலத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பயணம் முடிந்து வந்ததும் வாசகி ஒருவர் தொலைபேசியில் கேட்டார். எங்கள் புளோக் கீழே மாமரம் காய்த்துத் தொங்குகிறது, பிள்ளைகள் பறிக்கலாமா என்று. கூடாது அம்மா. அரசு நிலத்து மரத்தில் காய்ப்பது அரசுக்குச் சொந்தம். அனுமதியில்லாமல் பறித்தால் அபராதம் உண்டு. அதற்குப் பதிலாக உங்கள் வட்டாரத்துச் சமூகத் தோட்டத்துக்குப் போங்கள். தேசியப் பூங்காக் கழகம் 2005-இல் தொடங்கிய திட்டத்தில் தீவெங்கும் இத்தகைய தோட்டங்கள் முளைத்திருக்கின்றன. பலவற்றில் முருங்கையும் கறிவேப்பிலையும் நட்டது நம்மவர்கள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய்த் தண்ணீர் ஊற்றினால், பறிக்கும் நாளில் உங்கள் பிள்ளையையும் கூப்பிடுவார்கள். சிறு பிள்ளைகள் என்றால் தாவரவியல் பூங்காவுக்குள் ஜேக்கப் பாலாஸ் சிறுவர் தோட்டம் இருக்கிறது. 2007-இல் திறந்தது, 2017-இல் விரிவுபடுத்தியபோது சிறு பண்ணையும் பழத்தோட்டமும் சேர்த்தார்கள். அங்கே பறிக்க முடியாது. ஆனால் மரத்தை அண்ணாந்து பார்க்கலாம்.

ஜோகூருக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ரம்புத்தானும் மங்குஸ்தீனும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. மழை முன்பின்னானால் பருவமும் தள்ளிப்போகும். தொலைபேசியில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். விடிவதற்குள் கடற்பாலத்தைத் தாண்டிவிடுங்கள். முழங்கை மறைக்கும் சட்டை போடுங்கள், முசுறு இருக்கும். பழம் கொண்டுவருவதற்கான விதிகளை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுப் பெரியவர்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள். "அவங்களால நடக்க முடியாது, வெயில் தாங்காது" என்று அன்று பல குடும்பங்கள் தாத்தா பாட்டியை வீட்டில் விட்டு வந்திருந்தன. அந்தப் பாட்டி மட்டும் வராமல் போயிருந்தால் எங்கள் பிள்ளைகள் பழம் தின்றுவிட்டு வந்திருப்பார்கள், அவ்வளவுதான். காவல் எறும்பும், நுனிக் குச்சியும், ஒரு முறுக்கும் அவர்களுக்குக் கிடைத்திருக்காது. கம்பத்தில் வாழ்ந்தவர்கள் இப்போது எழுபதும் எண்பதுமாக நம் வீடுகளில் இருக்கிறார்கள். வண்டியில் முதல் இருக்கை அவர்களுக்கு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இன்றே கேளுங்கள்: அவர் இருந்த கம்பம் எது, வாசலில் நின்ற மரம் எது, எந்த ஆண்டில் அந்த இடத்தை விட்டு வந்தார்? ஒரு தாளில் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். செம்பவாங், பொத்தோங் பாசிர், புக்கிட் பாஞ்சாங், எந்த ஊராக இருந்தாலும் சரி. வருவதையெல்லாம் அடுத்த இதழிலிருந்து வெளியிடுகிறோம். முதல் குறிப்பு கையில் இருக்கிறது: செம்பவாங், இரண்டு ரம்புத்தான், ஒரு பலா.

அன்புடன்,
ஆசிரியர்