அழைப்பிதழில் இல்லாத பெயர்

டிசம்பர் நெருங்குகிறது. சென்னை சபாக்களின் மார்கழிக் கச்சேரிப் பட்டியல்கள் வரத் தொடங்கும். எந்த நாளில் யார் பாட்டு, யார் வயலின், யார் மிருதங்கம், யார் கடம் என்று அழைப்பிதழில் வரிசையாகப் பெயர்கள் இருக்கும். எந்தச் சபா கேண்டீனை யார் நடத்துகிறார் என்பதுகூடச் செய்தியாகும். மேடையில் ஒலிக்கும் மிருதங்கத்தைச் செய்தவர் பெயர் மட்டும் எங்கும் இருக்காது.

சபா கச்சேரிக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கிராமத்து வாசகர் கேட்கலாம். மிருதங்கத்தைத் தூக்கிப் பாருங்கள். அதன் கட்டை பலாமரம். பண்ருட்டிப் பலாவுக்கு அதில் தனி மதிப்பு. அதன் முகங்களும் வார்களும் மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல். அந்தத் தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, வெயிலில் காயவைத்து, வட்டமாக அறுத்து, வார் பிடித்து இழுத்துக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் தலித் கிறித்தவர்கள். தஞ்சாவூர் முதல் சென்னை வரை தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் செய்துவருகிறார்கள்.

இது வெறும் கைவேலை அன்று. வலந்தலையில் கருப்பாக ஒரு வட்டம் தெரியுமே, அது கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து, அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்து வைப்பது. ஓர் அடுக்கு கூடினால் ஒலி மாறும், குறைந்தாலும் மாறும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். சுருதி ஞானம் இல்லாதவரால் மிருதங்கம் செய்ய முடியாது. ஆனாலும் வாசிப்பவர் ‘வித்வான்’, செய்பவர் ‘ரிப்பேர் செய்கிறவர்’. மேடையில் வாசிப்போரில் பெரும்பான்மையினர் பிராமணர்கள். பழனி சுப்பிரமணிய பிள்ளை போன்ற பிராமணரல்லாத மேதைகளும் அந்த மேடையில் இருந்தார்கள். செய்தவர் மட்டும் எந்தக் காலத்திலும் மேடைக்கு வந்ததில்லை.

பாலக்காடு மணி ஐயரின் பெயரைக் கர்நாடக இசை கேட்போர் எல்லோரும் அறிவர். அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்தின் பெயரை எத்தனை பேர் அறிவர்? அவரைப் போன்றவர்களின் வரலாற்றை டி.எம். கிருஷ்ணா 2020-இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற ஆங்கில நூலாக எழுதினார். அதன் வெளியீட்டுக்கு அரங்கம் தருவதாகச் சொன்ன கலாக்ஷேத்ரா, நூலில் அரசியல் சாயல் இருப்பதாகக் கூறி அனுமதியைத் திரும்பப் பெற்றது. வேறு இடத்தில்தான் விழா நடந்தது. மிருதங்கம் மேடை ஏறலாம். அதைச் செய்தவர் கதை ஏறினால் அது அரசியலாம்!

கலைக்குச் சாதி இல்லை என்பார்கள். சிக்கல் கலையில் இல்லை, தோல் பற்றிய தீட்டுக் கருத்தில் இருக்கிறது. குஜராத்தின் ஊனாவில் 2016-இல் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதே மாட்டின் தோல் மிருதங்கமாகி, சாமி படத்துக்கு எதிரே வைக்கப்பட்டால் புனிதம். உரித்தவன் கைக்குத் தீட்டு. உரித்த தோலுக்குத் தீட்டு இல்லை. இதற்கு என்ன தர்க்கம்?

தமிழ் மரபு இப்படித் தொடங்கவில்லை என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். போரிட்டு வென்ற ஏற்றின் தோலைப் போர்த்திய முரசைப் புறநானூறு பாடுகிறது. அந்த முரசுக்குத் தனிக் கட்டில் இருந்தது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை தண்ணுமை ஆசிரியனின் இலக்கணத்தை விரிவாகச் சொல்கிறது. ஆனால் அங்கேயும் தண்ணுமையைச் செய்தவனுக்கு இடம் இல்லை. நாம் நிரப்ப வேண்டிய இடம் அது.

மாற்றம் வராமல் இல்லை. 2020 முதல் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’ நடத்துகிறது. பறையும் கானாவும் அதே மாதத்தில் மேடை கண்டன. பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பறை தன் பெயரோடு எழுந்து நிற்கிறது. மிருதங்கம் செய்தவர் இன்னும் அடுத்தவர் புகழுக்குப் பின்னால் நிற்கிறார்.

அதற்காக இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் குலத்தொழிலைக் காக்க வேண்டும் என்று யாரும் உபதேசிக்கத் தேவையில்லை. பிள்ளை படித்து வேறு வேலைக்குப் போனால் அது விடுதலை, போகட்டும். செயற்கைத் தோல் மிருதங்கங்களும் வந்துவிட்டன. விருப்பத்தோடு இந்தத் தொழிலில் இருப்பவருக்கு மரியாதையும் நியாயமான விலையும் வேண்டும் என்பதே நம் பேச்சு.

கேட்பது பெரிதில்லை. சபாக்கள் அழைப்பிதழில் மிருதங்கம் வாசிப்பவர் பெயருக்குக் கீழே, செய்தவர் பெயரையும் அச்சிடட்டும். ஒரு வரிதான்; செலவில்லை. விருது தரும் சபாக்கள் வாத்தியம் செய்வோருக்கும் ஒரு விருதை மேடையில் தரட்டும். அரசு இசைக் கல்லூரிகள் வாத்தியம் செய்வதைப் பாடமாக்கி, செய்கிறவர்களையே ஆசிரியர்களாக அமர்த்தட்டும். அந்த வகுப்பில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உட்கார்ந்து தோலைத் தொடட்டும். தீட்டு அங்கேதான் சாகும்.

இந்த மார்கழியில் தொலைக்காட்சியிலோ கைபேசியிலோ தனி ஆவர்த்தனம் கேட்க நேர்ந்தால், மாணவர்களே, முடிந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதைச் செய்தவர் யார்? வாசித்தவருக்குப் பதில் தெரியும். அதை மேடையில் அவர் சொல்லட்டும்.