ஜாக்கெட் வாங்கினா முதுகு வலி போயிடுமா சார்?

2024 பாரிஸ் ஒலிம்பிக் நேரத்துல ஒரு போட்டோ எல்லார் போன்லயும் சுத்திச்சே, ஞாபகம் இருக்கா நண்பர்களே? ஒரு கையை பேன்ட் பாக்கெட்ல விட்டுக்கிட்டு, சாதாரணக் கண்ணாடியும் டி-ஷர்ட்டுமா நின்னு சுட்ட துருக்கி வீரர் யூசுஃப் டிகேச். "எந்த உபகரணமும் இல்லாம வெள்ளி வாங்கிட்டார், திறமைதான் எல்லாம்" என்று என் வாட்ஸப் குரூப்பில் மட்டும் ஏழெட்டுப் பேர் அனுப்பினார்கள்.

(அதே கலப்பு அணிப் போட்டியில் வெண்கலம் வாங்கினது நம்ம மனு பாக்கர், சரப்ஜோத் சிங் ஜோடி. அதை அனுப்பினவங்க கம்மி.)

அந்தப் போட்டோ சொன்னது பாதி உண்மை. அவர் சுட்டது பிஸ்டல். பிஸ்டல் போட்டியில் உடம்பைத் தாங்கிப் பிடிக்கிற ஜாக்கெட்டுக்கு யாருக்குமே அனுமதி கிடையாது. ரைபிள் கதையே வேற. அதைப் பத்தித்தான் இந்த நீளமான பதிவு.

போன மாசம் ஓ.பி.யில் ஒரு பொண்ணு. பத்தாம் வகுப்பு. இடுப்புக்கு மேல இடது பக்கம் வலி, மூணு வாரமா. கீழே விழல, கனமா எதுவும் தூக்கல. காலுக்கு வலி இறங்கல, மரத்துப் போகல. பரிசோதனையில் பெருசா ஒண்ணும் இல்ல. "என்னம்மா பண்ற நீ?" என்று கேட்டால், "ஏர் ரைபிள் சுடுறேன் சார்" என்றாள். அரசு மருத்துவமனை ஓ.பி.யில் நான் எதிர்பார்க்காத பதில் அது.

கிளப்போட ரைபிள். ஜாக்கெட் ஒரு சீனியர் அக்காவோடது, இவளுக்கு தொளதொளன்னு இருக்குமாம். அப்பா ஆட்டோ ஓட்டுறார். அவர் கேட்டதுதான் தலைப்பு. "சொந்தமா ஜாக்கெட் வாங்கினா வலி போயிடுமா சார்? சங்கிலி ஒண்ணு இருக்கு, அடகு வைக்கலாம்னு பாக்குறோம்."

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து இந்த விளையாட்டோட விதிகளைப் படிச்சேன். படிக்கப் படிக்க ஆச்சரியம்.

10 மீட்டர் ஏர் ரைபிளில் பத்துப் புள்ளிக்கான நடு வட்டத்தின் விட்டம் எவ்வளவு தெரியுமா? 0.5 மில்லிமீட்டர். பேனாவால வைக்கிற முற்றுப்புள்ளி அளவு. சுடுற குண்டே 4.5 மில்லிமீட்டர், அதாவது குறியை விட குண்டு ஒன்பது மடங்கு பெருசு. நின்னுக்கிட்டு, 75 நிமிஷத்துல 60 குண்டு. ரைபிள் எடை 5.5 கிலோ வரைக்கும் இருக்கலாம்.

கையால தூக்கிப் பிடிச்சா அஞ்சு நிமிஷத்துல தசை நடுங்க ஆரம்பிச்சுடும். அதனால எலும்பு மேல எலும்பா அடுக்கி நிக்கிறாங்க. வலது கைக்காரர் என்றால் இடது முழங்கை இடது இடுப்பெலும்பு மேல, இடுப்பு முன்னால தள்ளி, முதுகு பின்னால வளைஞ்சு, கொஞ்சம் திருகி. கீழ் முதுகின் சின்ன மூட்டுகள் மேல பாரம் ஒரே பக்கமா விழும். அந்தப் பொண்ணு வலிக்குதுன்னு விரல் வைச்ச இடமும் அதுதான்.

இங்கதான் ஜாக்கெட் வருது. கேன்வாஸ், தோல் வைச்சுத் தைச்ச விறைப்பான உடுப்பு. நம்ம முதுகு வலி நோயாளிக்கு எழுதிக் கொடுக்கிற இடுப்பு பெல்ட் மாதிரிதான், ஆனா தோள் வரைக்கும். முதுகைத் தாங்கும், இதயத் துடிப்பால் உடம்பில் வர்ற சின்ன அதிர்வைக் கூட மட்டுப்படுத்தும். உடம்பு அளவுக்கு கச்சிதமா இருந்தாத்தான் இந்த வேலையெல்லாம் நடக்கும். இரவல் ஜாக்கெட்ல பாதிகூட நடக்காது.

அப்படியே விட்டா ஆளாளுக்கு மாவுக்கட்டு போட்ட மாதிரி வந்து நிப்பாங்க இல்லையா? அதனால சர்வதேச துப்பாக்கி சுடுதல் சம்மேளனம் துணியின் தடிமனை ஒரு அடுக்குக்கு 2.5 மில்லிமீட்டர் என்று கட்டுப்படுத்தி, விறைப்பை அளக்க தனிக் கருவியும் வைச்சிருக்கு. போட்டி முடிஞ்ச பிறகும் சிலரைக் கூப்பிட்டு அளப்பாங்க. தேறலைன்னா தகுதி நீக்கம். ஷூ அடிப்பாகம் விறைப்பா இருந்து பெங்குவின் மாதிரி நடக்கிறவங்களுக்காக, "சாதாரணமா குதிகால் ஊன்றி நடக்கணும்" என்று விதியே எழுதியிருக்காங்க. சிரிச்சுட்டேன்.

இதயத் துடிப்பைக் குறைக்கிற பீட்டா பிளாக்கர் மாத்திரை இந்த விளையாட்டில் தடை. 2008 பெய்ஜிங்கில் வட கொரிய வீரர் கிம் ஜாங்-சு ப்ரொப்ரனலால் போட்டு மாட்டி, இரண்டு பிஸ்டல் பதக்கத்தையும் திருப்பிக் கொடுத்தார். நாங்க தினமும் எழுதுற விலை குறைந்த மாத்திரை அது. துடிப்பை மாத்திரையால அடக்கினா ஊக்கமருந்து, உடுப்பால அடக்கினா உபகரணம். இரண்டும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல. மருந்தைத் தடை பண்ணினதும் சரிதான். ஆனா நியாயத்துக்கான கோட்டை எங்கேயோ மனுஷங்கதான் கிழிச்சிருக்காங்க. அதனால இன்னொரு கோடும் கிழிக்க முடியும்.

இப்போ இருக்கிற விதி ஒரு உச்சவரம்பு. இதுக்கு மேல போகாதேன்னு சொல்லும். அந்த வரம்பு வரைக்கும் போக முடியாதவங்களைப் பத்தி அது பேசாது. ஐரோப்பிய ஏர் ரைபிள் விலை லட்சங்களில். அளவெடுத்துத் தைக்கிற ஜாக்கெட், பேன்ட், ஷூ எல்லாம் தனி. ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் எட்டுப் பேரும் ஒரே தரத்தில் வைச்சிருப்பாங்க, அங்க பிரச்சனையே இல்ல. மாவட்டப் போட்டியில் தைச்ச ஜாக்கெட்டும் இரவல் ஜாக்கெட்டும் ஒரே லைன்ல நிக்குது பாருங்க, வலி அங்கதான்.

அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளின் மூன்று நிலை ஏர் ரைபிள் போட்டியில் இதுக்கு ஒரு வழி பண்ணி வைச்சிருக்காங்க. ப்ரிசிஷன், ஸ்போர்ட்டர் என்று இரண்டு வகுப்பு. ப்ரிசிஷனில் ஒலிம்பிக் பாணி ரைபிளும் ஜாக்கெட்டும். ஸ்போர்ட்டரில் விலை கட்டுக்குள் இருக்கிற, அங்கீகரிக்கப்பட்ட எளிய ரைபிள்கள் மட்டும். எடை சுமார் 3.4 கிலோவுக்குள். ட்ரிக்கர் குறைஞ்சது 680 கிராம் அழுத்தம் கேக்கணும். ஜாக்கெட், பேன்ட், ஷூ கிடையாது, சாதாரண ஸ்வெட் ஷர்ட்தான்.

ஒரு டாக்டரா எனக்குப் பிடிச்சது எடையும் ஜாக்கெட்டும் சேர்ந்து குறையுது என்பது. "ஏழைப் பிள்ளைகளுக்கு ஜாக்கெட் இல்லாத பிரிவு" என்று மட்டும் அறிவிச்சுட்டு அஞ்சு கிலோ ரைபிளைக் கையில் கொடுத்தா, வளர்ற முதுகெலும்புகளை வரிசையா என் ஓ.பி.க்கு அனுப்புறீங்கன்னு அர்த்தம்.

உபகரணப் பிரிவு போக, திறமைப் பிரிவும் வேணும். அமெரிக்க ரைபிள் போட்டிகளில் மார்க்ஸ்மேன், ஷார்ப்ஷூட்டர், எக்ஸ்பர்ட், மாஸ்டர் என்று சராசரி ஸ்கோரை வைச்சுப் பிரிப்பாங்க. ஆறு மாசம் பழகினவன் ஆறு வருஷம் பழகினவனோட மோதி 40-வது இடம் வர்றதுக்கும், தன் தரத்துல இருக்கிறவங்களோட மோதி மூணாவது வர்றதுக்கும் வித்தியாசம் இருக்கு. ரெண்டாவது பையன்தான் அடுத்த வருஷமும் வருவான்.

திருட்டுத்தனம் நடக்காதான்னு கேப்பீங்க. நடக்கும். கீழ் வகுப்பிலேயே பரிசு அடிக்கலாம்னு வேணும்னே குறைச்சு சுடுற ஆட்கள் எல்லா நாட்டுலயும் உண்டு. ஸ்கோர் ஏறினா வகுப்பும் ஏறணும், எளிதில் இறங்கக் கூடாது என்று வைச்சாலே பெரும்பகுதி அடங்கிடும். மிச்சம் பேருக்காக நல்ல ஏற்பாட்டை விட்டுட முடியுமா?

பாரா துப்பாக்கி சுடுதலில் இதை இன்னும் நேர்மையா செய்றாங்க. ரைபிள் எடையைத் தன் கையாலேயே தாங்க முடிஞ்சா எஸ்.எச்.1, தாங்க ஸ்டாண்ட் வேணும்னா எஸ்.எச்.2. வியாதி பேரைப் பாக்காம, உடம்பால என்ன முடியும்னு பாத்துப் பிரிக்கிறாங்க. நம்ம அவனி லேகரா எஸ்.எச்.1 பிரிவில் டோக்கியோ, பாரிஸ் இரண்டிலும் 10 மீட்டர் தங்கம். அந்தத் தங்கத்தை யாராவது குறைச்சலா நினைக்கிறோமா?

நம்ம ஊர்லயும் ஓபன் சைட், பீப் சைட் என்று துப்பாக்கியை வைச்சுத் தனித்தனிப் போட்டி இருக்கு. பிரிக்கிற யோசனை நமக்குப் புதுசு இல்ல. மாவட்ட அளவில் லேசான ரைபிள், ஜாக்கெட் இல்லாத ஒரு வகுப்பு, அதுக்குள்ள ஸ்கோர் வாரியா இரண்டு தரம். இதுக்குப் பெரிய நிதி வேணாம். "ஜாக்கெட் இல்லாம பழகினா பின்னால மாத்திக் கத்துக்கணுமே" என்று கோச்சுகள் சொல்வது நியாயமான கவலைதான். ஆனா மாத்திக் கத்துக்க அந்தப் பிள்ளை அதுவரை விளையாட்டுல இருக்கணுமே.

சரி, அந்த அப்பாவுக்கு என்ன சொன்னேன்?

"அண்ணே, சங்கிலி இப்போதைக்கு பீரோவுலயே இருக்கட்டும். இந்த வலிக்கு ஜாக்கெட் மருந்து இல்ல." நாலு வாரம் நின்னு சுடுறதுக்கு லீவு. பிசியோதெரபிக்கு அனுப்பி வயிறு, முதுகுத் தசைக்கான பயிற்சிகள் எழுதிக் கொடுத்தேன். திரும்ப ஆரம்பிக்கும்போது கிளப்பில் இருக்கிறதுலயே லேசான ரைபிள், முதல்ல இருபது குண்டு மட்டும் என்று ஒரு சீட்டு எழுதி, கோச்சிடம் காட்டச் சொன்னேன்.

நேத்து ரிவ்யூவுக்கு வந்தாங்க. வலி முக்கால்வாசி குறைஞ்சிருக்கு. லேசான ரைபிள் கிளப்புல ஒண்ணே ஒண்ணு இருக்காம், அதுக்கும் க்யூவாம். அவ முறை வியாழக்கிழமை சாயங்காலம்.