கேட்பதற்கும் ஒரு முறை உண்டு

இணையத்தில் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுத ஆரம்பித்துவிட்டால், கொஞ்ச நாளில் கம்பெனிக்காரர்களின் கடிதங்களும் வர ஆரம்பித்துவிடும். "எங்கள் பொருளைப் பற்றி நல்லபடியாக எழுதுங்கள்" என்பதுதான் எல்லாவற்றின் சாரம். முழங்கால் வலித் தைலம், காது கேட்கும் கருவி, முதியோர் குடியிருப்பு, சர்க்கரை நோய்க்குப் பொடி என்று எனக்கும் வருகிறது. என் வயதையும் உங்கள் வயதையும் எப்படியோ தெரிந்து வைத்திருக்கிறார்கள்!

கேட்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். மதிப்புரை வேண்டுமென்றால் பத்திரிகைக்கு இரண்டு பிரதி அனுப்புவது நம்மிடம் வெகுகாலமாக உள்ள வழக்கம். பிரான்ஸிலும் பதிப்பகங்கள் விமர்சகர்களுக்கு இலவசப் பிரதி அனுப்பும். 'செர்வீஸ் தெ பிரெஸ்' என்பார்கள். ஆனால் புத்தகம் அனுப்பியவர் விமர்சனத்தையும் தானே எழுதி அனுப்புவதில்லை. இன்றைய கம்பெனிகள் அதையும் சேர்த்தே அனுப்புகின்றன. நாம் பெயரைப் போட்டால் போதுமாம்.

நான் பல வருஷம் மனுக்களைப் படித்தவன். அனுப்புநர் யார், பெறுநர் யார், பொருள் என்ன, என்ன வேண்டும், இணைப்பு என்ன என்பது ஒரே பார்வையில் தெரிந்தால் அது நல்ல மனு. கொம்யூன் பஞ்சாயத்துக்குக் குழாய் இணைப்பு கேட்டு எழுதுகிறவருக்குத் தெரிந்த இந்த முறை, பெரிய படிப்பு படித்த விற்பனைக்காரர்களுக்குத் தெரியவில்லை. ஒருவர் என்னுடைய சமையல் குறிப்புகளைப் பாராட்டி எழுதியிருந்தார். எனக்கு வெந்நீர் போடத்தான் தெரியும்.

அவர்களுக்கு நான் சொல்வது நான்கே விஷயம். முதலில், யாரிடம் கேட்கிறீர்களோ அவர் எழுதியதில் இரண்டையாவது படியுங்கள். அடுத்து, நீங்கள் யார், என்ன தருகிறீர்கள், பதிலுக்கு என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். மூன்றாவது, குறை இருந்தால் குறையையும் எழுதுவார் என்று ஒப்புக்கொண்டு பொருளைக் கொடுங்கள். கடைசியாக, வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்; வாரம் ஒரு நினைவூட்டல் அனுப்பாதீர்கள்.

இதில் சட்டமும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குத் தயாரித்தவர் மட்டுமல்ல, பரிந்துரைத்தவரும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் கட்ட நேரிடும். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. விசாரித்துத்தான் சொன்னேன் என்று காட்டினால்தான் பரிந்துரைத்தவர் தப்பலாம். காசோ பொருளோ வாங்கியிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2022-இல் விதிமுறைகளும் வந்துவிட்டன. பிரான்ஸில் 2023 ஜூன் 9-ஆம் தேதிச் சட்டம் இன்னும் கடுமை: விளம்பரம் என்பதை மறைத்தால் 2 வருஷச் சிறையும் 3 லட்சம் யூரோ அபராதமும் வரை போகலாம். பள்ளியில் நாங்கள் படித்த பிரெஞ்சில் விளம்பரத்துக்கு 'ரெக்லாம்' என்று ஒரு பழைய சொல் உண்டு. ரெக்லாமை ரெக்லாம் என்றே சொல் என்பதுதான் அந்தச் சட்டத்தின் சாரம்.

ஆனால் அபராதத்தைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யவே கூடாது என்பது 1954-ஆம் வருஷத்துச் சட்டம். அந்தப் பொடியை நான் புகழ்ந்து எழுதி, அதைப் படித்த ஒருவர் டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டால்? பென்ஷன் பணத்தில் வாங்கிய பொடி போகட்டும், அவர் உடம்புக்கு யார் பதில் சொல்வது? நம் ஊர் சின்ன ஊர். சாயங்காலம் கடற்கரையில் நடக்கும்போது அவர் என்னைத்தான் நிறுத்திக் கேட்பார். கம்பெனிக்காரரை எங்கே போய்த் தேடுவார்?

ஆகையால் கம்பெனியாருக்கு ஒரு நிபந்தனை. "இது எனக்கு இலவசமாக வந்தது" என்று முதல் வரியிலேயே நான் எழுதச் சம்மதமென்றால் பொருளை அனுப்புங்கள்; மருந்து மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம். உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். யார் எதைப் புகழ்ந்து எழுதினாலும், நான் உட்பட, "இதற்கு என்ன வாங்கினீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள். நேர்மையாக எழுதுகிறவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.