டீக்கடைப் பெஞ்சில் ஒரு செல்போன்

தஞ்சைத் தரணியில் எந்தக் கிராமத்திற்கு வேண்டுமானாலும் நடவுக் காலத்தில் விடியற்காலை போய்ப் பாருங்கள். வேலைக்குப் போகுமுன் டீக்கடையில் பத்துப் பேர் கூடுகிறார்கள். ஒரு வாலிபர் செல்போனை நடுவில் நீட்டுகிறார். பத்துத் தலைகளும் அதன்மேல் கவிழ்கின்றன. மேட்டூரில் இன்று எத்தனை அடி, கொள்முதல் நிலைய வாசலில் நனைந்த மூட்டைகள், திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து மைத்துனன் அனுப்பிய படம் என்று டீ ஆறுவதற்குள் எல்லாம் வந்து போகின்றன. வேலையற்றவர்களின் வெட்டிப் பேச்சு என்று படித்த கனவான்கள் சிலர் இதைக் கேலி செய்கிறார்கள். நாம் அப்படிக் கருதவில்லை.

அந்தப் பெஞ்சு சும்மா வந்ததல்ல, தோழர்களே! கீழத் தஞ்சையில் சவுக்கடியும் சாணிப்பாலும் கண்டவன் பண்ணையாள். டீக்கடையில் அவனுக்குத் தனிக் குவளை, உட்காரத் தரை. 1943-ல் தென்பரையில் சங்கம் கிளம்பியது. தோழர் பி. சீனிவாச ராவ் சேரி சேரியாக நடந்தார். 1944-ல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தால் சவுக்கும் சாணிப்பாலும் ஒழிந்தன. குவளையும் பெஞ்சும் அதன்பிறகும் வெகுகாலம் போராடிப் பெற வேண்டியவையாக இருந்தன. எழுத்தறிந்த ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, மற்றவர் சுற்றி உட்கார்ந்து கேட்கும் வழக்கம் அப்படி வளர்ந்தது. படிப்பவரை நடுவில் நிறுத்தி, “இதை யார் சொன்னது?” என்று ஒரு கிழவர் கேட்பார். பதில் வந்தபிறகுதான் அடுத்த வரி.

செல்போனை யாரும் நிறுத்துவதில்லை என்பதே நமது கவலை. அரை நிமிஷத்தில் ஒரு படம் முடிகிறது, அடுத்தது ஓடிவருகிறது.

இதன் விலை என்ன? 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி வட மாவட்டங்களில் பரவிக் கிடந்தது. குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, போளூருக்கு அருகே குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அதே ஆண்டு ஜூலையில், ஒரே சமயத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் ஒரு செய்தியைத் தள்ளிவிட முடியாதபடி வாட்ஸ்அப் கம்பெனி இந்தியாவில் கட்டுப்பாடு வைத்தது. 2014-ல் 1,900 கோடி டாலர் விலை பேசி இதை வாங்கிய முதலாளிக்கு, பிணங்கள் விழுந்தபிறகுதான் அந்த யோசனை பிறந்தது!

2023 மார்ச்சில் நடந்தது ஆலைத் தொழிலாளிக்கு இன்னும் நெருக்கமானது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று, வேறு தகராறுகளில் எடுத்த படங்களை ஒட்டி வடக்கே பரப்பினார்கள். திருப்பூரில் நம்மோடு ஒரே கூரையின் கீழ் தைத்துக்கொண்டிருந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலடிக்கு ஓடினார்கள். பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பி விசாரித்தது. படங்கள் பொய் என்று தமிழ்நாடு போலீஸ் அறிவித்து வழக்குகள் போட்டது.

நமது பக்கமும் சுத்தமல்ல. இப்போது டெல்டாவில் நடவுக்கு வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களைத் திருடரென்றும் குடிகாரரென்றும் சித்தரிக்கும் படங்கள் நமது பெஞ்சுக்கும் வருகின்றன. நம்மையும் அவர்களையும் முட்டவிட்டு ஏக்கருக்கு இவ்வளவுதான் என்று கூலியை அமுக்குகிறவன் யார்? அவன் படம் மட்டும் எந்தச் செல்போனிலும் வருவதில்லை!

செல்போனை வீசி எறியச் சொல்லவில்லை. 2025 அக்டோபரில் குறுவை நெல் கொள்முதல் நிலையங்களில் நனைந்து முளைத்ததை நாடு பார்த்ததில் விவசாயிகளின் கைபேசிக்கும் பங்குண்டு. எங்கே, எந்தத் தேதியில், யார் எடுத்தது என்று கேட்டால் அந்தப் படம் தாங்கும். கேள்வியைத் தாங்காத படத்தைப் பக்கத்து ஊருக்குத் தள்ளாதீர்கள். செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது ஐந்து கைக்குக் குறையாமல் மாறி வந்த சரக்கு.

இன்னொன்று: டீக்கடை இன்றும் ஆண்களின் இடம்தான். நடவு வேலையைச் சுமக்கும் பெண்கள் கூடுவது வரப்பிலும் களத்திலும். அங்கேயும் இந்தப் பேச்சு நடக்கட்டும்.

வடக்கேயிருந்து வந்தவர்களைப் பற்றி அடுத்த படம் வந்தால், நடவுக்கு வந்திருக்கும் பீகார்ச் சகோதரரை அழைத்துப் பெஞ்சில் உட்கார வையுங்கள். ஒரு டீ சொல்லி, அவரிடமே காட்டிக் கேளுங்கள். நம்மைப் பற்றி அவருடைய செல்போனில் என்ன வந்திருக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம்.