கரி மூட்டமும் கரிம வேதியியலும்

"பென்சால்டிஹைடின் மணம் யாது?" மேல்நிலைப் பள்ளி மாணவன் எவனையும் நள்ளிரவில் எழுப்பிக் கேளுங்கள். "கசப்பு வாதுமையின் மணம்" என்று கண்ணைத் திறவாமலே கூறுவான். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட இந்த வானம் பார்த்த பூமியில் கசப்பு வாதுமையை முகர்ந்தவர் எத்தனை பேர்? நானும் முகர்ந்ததில்லை. ஆயினும் அவ்விடைக்கு முழு மதிப்பெண் பெற்றேன்!

தேர்வுக்கு முதல் நாள் நாம் செய்வது படிப்பன்று, உருப்போடுதல். கரிம வேதியியலில்தான் இந்நோய் முற்றியிருக்கிறது. காரணம் பாடத்தின் கடுமை என்பர் சிலர். நான் அவ்வாறு எண்ணவில்லை. பாடம் நம் ஊர்க் காட்டிலேயே கிடக்கிறது. அதை நமக்குக் காட்டுவார் இல்லை.

சீமைக்கருவேல விறகை அடுக்கி, செத்தையும் ஈரமண்ணும் போர்த்தித் தீயிட்டு நம் பக்கத்தில் கரி மூட்டம் போடுகிறார்கள். காற்றை அளந்து விட்டால் கரி. மிஞ்சினால் வெறும் சாம்பல். மூட்டக்காரர் புகையைப் பார்த்தே உள்ளே நடப்பதை அறிவார். முதலில் எழும் வெண்புகை பெரும்பாலும் விறகின் ஈரம். அடுத்து வருவது கண்ணைக் கரிக்கும் புகை. அசிட்டிக் அமிலமும் அசிட்டோனும் மெத்தனாலும் அதில் உண்டு. கரி வெந்தபின் புகை மெலிந்து நீலம் பாயும். 'மெதிலீன்' என்ற பெயரே மதுவையும் மரத்தையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களிலிருந்து 1834-இல் டூமா, பெலிகோ என்னும் பிரெஞ்சு அறிஞர்கள் ஆக்கியது. அன்றைய மைசூர் அரசு 1923-இல் பத்ராவதியில் தொடங்கிய இரும்பாலையில் மரத்தை வடிக்கும் பிரிவும் இருந்தது. கரி உலைக்குப் போயிற்று, புகையும் வீணாகவில்லை. நாமோ புகையைக் கண்மாய்க்கரையில் பறக்கவிட்டு, வீட்டுக்குள் அமர்ந்து "மெத்தனால் தயாரிக்கும் முறைகள்" என்று பத்து முறை எழுதிப் பார்க்கிறோம்.

மூட்டக்காரர் மகன் ஒருவன் என்னோடு படித்தான். விரலிடுக்கில் கரி தெரியாதபடி தேய்த்துக் கழுவிவிட்டே பள்ளிக்கு வருவான். அவன் தந்தையின் தொழில் பாடப்புத்தகத்துக்குள் இருக்கிறது என்று அவனிடம் எவரும் சொல்லவில்லை. எனக்கும் அன்று தெரியாது. பிளஸ் டூ முடிந்ததும் "கெமிஸ்ட்ரியே வேண்டாமப்பா" என்று வேறு பாடத்துக்குப் போய்விட்டான்.

"இதெல்லாம் பொதுத்தேர்வுக்கு உதவுமா?" என்று கேட்பீர்கள். உதவும். கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிறது. கள்ளை மேலும் விட்டுவைத்தால் காடியாகிறது. எத்தனால், அசிட்டால்டிஹைடு, அசிட்டிக் அமிலம் என்னும் வரிசை இதுதான். ஒரு கார்பனைக் குறைத்தால் மெத்தனால், பார்மால்டிஹைடு, பார்மிக் அமிலம். கானிசரோ, ரைமர்-டீமன் முதலிய பெயர்களை உருப்போட்டே தீரவேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இந்த ஏணியை ஒருமுறை கண்டுகொண்டவனுக்கு உருப்போட வேண்டியது பாதியாகக் குறைந்துவிடும்.

மதிப்பெண்ணை விடுங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த ஏணியில்தான் நம் ஈரலும் மெத்தனாலை ஏற்றுகிறது. முடிவில் விளையும் பார்மிக் அமிலம் கண் நரம்பைக் கெடுக்கிறது. அச்சமன்பாட்டைப் பிழையின்றி எழுதித் தேறிய நம்மில் எத்தனை பேர் அன்று வீட்டாரிடமும் தெருவாரிடமும் இதை எடுத்துச் சொன்னோம்?

பள்ளி ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆல்கஹால் பாடம் தொடங்குமுன் ஒரு மாலை மாணவரை மூட்டத்தருகே அழைத்துச் செல்லுங்கள். அன்று பாடத்தை மூட்டக்காரரே நடத்தட்டும். அடுத்த தேர்வில், "மூட்டத்தின் வெண்புகை பின்னர் நீலமாவது ஏன்?" என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு வினா கேளுங்கள். எந்த நோட்ஸிலும் அதற்கு விடை கிடைக்காது.