அதே மனிதரிடம் மீண்டும் கேட்பது

1998ஆம் ஆண்டு டென்மார்க்கில், 1905இல் பிறந்தவர்களில் சுமார் 3,600 பேர் உயிரோடு இருந்தார்கள். அத்தனை பேரையும் அணுகியது ஓர் ஆய்வுக் குழு. 1968 முதல் அந்நாட்டில் ஒவ்வொருவருக்கும் பதிவு எண் உண்டு. யார் எங்கே என்று தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. 2,262 பேர் பங்கேற்றார்கள். வயது 92, 93. வழக்கமான கணக்கெடுப்புகள் ‘85க்கு மேல்’ என்று ஒரே கட்டத்தில் போட்டு மூடிவிடும் வயது அது.

முதுமையை அளக்கும் முயற்சி உடலிலிருந்தே தொடங்கியது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் 1963இல் வெளியிட்ட அளவுகோல், குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய்வருவது, படுக்கையிலிருந்து எழுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, உண்பது என ஆறு காரியங்களைப் பார்த்தது. எளிமையும் பயனும் உள்ள அளவுகோல். இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 1971இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் ஒரு பெரிய தொடர் ஆய்வு தொடங்கியபோது எடுத்துக்கொண்ட வயது 70. அன்றைக்கு அதுவே முதுமை.

டேனிஷ் குழு தன் ஆட்களை 2000, 2003, 2005 என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தது. 1998இல் பங்கேற்றவர்களில் 39 விழுக்காட்டினர் அன்றாடக் காரியங்களைப் பிறர் உதவியின்றிச் செய்தார்கள். 2005இல், நூறு வயதில், எஞ்சியிருந்தவர்களில் அப்படி இருந்தவர்கள் 33 விழுக்காடு. ஏழு ஆண்டுகளில் சரிவு இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் நூறைத் தொட்ட அதே மனிதர்களை மட்டும் பிரித்துப் பின்னோக்கிப் பார்த்தால், 1998இல் அவர்களில் 70 விழுக்காட்டினர் பிறர் உதவி தேவைப்படாமல் இருந்தவர்கள். எழுபது முப்பத்து மூன்றாகியிருக்கிறது.

இரண்டு கணக்குமே உண்மை. தளர்ந்தவர்கள் முதலில் இறந்துவிடுவதால் கூட்டத்தின் விகிதம் பெரிதாக மாறுவதில்லை. ஆயுள் நீண்டால் நாடே படுத்த படுக்கையான நூறு வயதினரால் நிரம்பிவிடும் என்று பயப்படும் அரசுக்கு முதல் கணக்கு ஆறுதல். ஆனால் அந்த ஆண்டுகளைக் கடந்துவந்தவரின் வாழ்க்கை இரண்டாவதில்தான் இருக்கிறது. ஒருமுறை மட்டும் போய் எண்ணிவிட்டு வந்த எந்த ஆய்வுக்கும் அந்த இழப்பு கண்ணில் படாது. இதற்காகவே தொடர் ஆய்வுக்கு ஆகும் காலமும் பணமும் தகும் என்கிறேன்.

இழந்தவர்கள் தங்கள் வாழ்க்கையை எப்படி மதிப்பிட்டார்கள்? நெதர்லாந்தின் லைடன் நகரில் 85 வயதான 599 பேரை 1997 முதல் 1999 வரை ஆராய்ந்தார்கள். உடல், மனம், உறவு, நிறைவு எல்லாம் சரியாக இருந்தால்தான் ‘வெற்றிகரமான முதுமை’ என்ற அளவில் தேறியவர்கள் 10 விழுக்காடு மட்டுமே. பிறகு 27 பேரிடம் உட்கார்ந்து விரிவாகப் பேசியபோது வேறொரு சித்திரம் கிடைத்தது. வந்ததற்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வதையே அவர்கள் வெற்றி என்றார்கள். உடல் வலுவைவிட மனிதத் தொடர்புகளைப் பெரிதாகச் சொன்னார்கள். இங்கிலாந்தின் நியூகாசிலில் 1921இல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் 2006இல் தொடங்கிய ஆய்விலும் இதுவே. பட்டியலிட்ட நோய்களில் ஒன்றுகூட இல்லாதவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் நான்கில் மூன்று பேருக்கும் மேல், தம் வயதொத்தவர்களோடு ஒப்பிட்டால் உடல்நிலை நன்றாக இருப்பதாகவே சொன்னார்கள்.

இந்த நிறைவைக் காட்டிப் பராமரிப்புச் செலவைக் குறைக்க யாரும் துணியக் கூடாது. வலியோடு வாழப் பழகிவிட்டார் என்பதற்காக வலிக்கு மருந்து வேண்டாம் என்றாகிவிடாது. நிறைவையும் உடல்நிலையையும் தனித்தனியே அளந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

டேனிஷ் ஆய்வாளர்கள் 2010இல், 1915இல் பிறந்தவர்களிடம் போனார்கள். 95 வயதான அவர்கள், பத்தாண்டு முன்பு பிறந்தவர்கள் 93இல் இருந்ததைவிட நினைவாற்றல், சிந்தனைச் சோதனைகளிலும் அன்றாடக் காரியங்களிலும் மேலாக இருந்தார்கள். கைப்பிடி வலுவிலும் நடை வேகத்திலும் அப்படித் தெளிவான முன்னேற்றம் இல்லை.

இன்னும் தீராத குறை ஒன்று உண்டு. மறதி நோய் முற்றியவரால் நீண்ட நேர்காணலுக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. மகளோ செவிலியரோ அவருக்காகப் பதில் சொல்கிறார்கள். இப்படிப் பதில் சொல்கிறவர்கள், நோயாளி தானே சொல்லும்போது தருவதைவிடக் குறைவாகவே அவரது வாழ்க்கையை மதிப்பிடுகிறார்கள் என்பது பல ஆய்வுகளில் வெளிப்பட்டிருக்கிறது. எனவே கேள்விகளைச் சுருக்கி முதலில் அவரிடமே கேட்க வேண்டும். பாதியில் களைத்துப்போனாலும், அவர் சொன்ன வரைக்கும் கணக்கில் சேர வேண்டும். வீட்டாரின் பதிலைத் தனிப் பத்தியில் எழுதிக்கொள்ளலாம்.