பாட்டு உள்ளே, பாணர் எங்கே?

ஒரு பாட்டு தலைமுறை தாண்டி நிற்கிறது என்றால் இரண்டு கேள்விகள் கேட்கலாம். அதில் அப்படி என்ன இருக்கிறது? அதைப் பாடியவரின் மக்கள் என்ன ஆனார்கள்? முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவதை நாம்தான் கேட்டாக வேண்டும்.

பாப் டிலன் 1962இல் எழுதிய ‘ப்ளோயிங் இன் தி விண்ட்’ பாட்டை கிதார் பழகும் மாணவர்கள் இன்றும் பாடுகிறார்கள். அதன் மெட்டு ‘நோ மோர் ஆக்‌ஷன் பிளாக்’ என்ற பாட்டிலிருந்து வந்தது என்று டிலனே பின்னர் சொன்னார். அது ஏலத்தில் விற்கப்பட்ட கறுப்பின அடிமைகளின் பாட்டு. டிலனை உலகம் அறியும். அந்த மெட்டைக் கட்டியவரின் பெயர் எவருக்கும் தெரியாது.

நம் திருச்சியில் பாடியவரின் பெயர் தப்பித்தது. உறையூர்ப் பாணர், திருப்பாணாழ்வார். குருபரம்பரைக் கதைகளின்படி அவர் ஸ்ரீரங்கத் தீவில் கால்வைக்க முடியாமல் காவிரியின் தென்கரையில் நின்று யாழிசைத்துப் பாடினார். தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் விலகச் சொன்னார். பாட்டில் மூழ்கியிருந்தவருக்குக் கேட்கவில்லை. கல் பறந்தது, நெற்றியில் ரத்தம். பிறகு பெருமாளின் ஆணைப்படி அதே முனிவர் அவரைத் தோளில் சுமந்து கோயிலுக்குள் போனார். அங்கே பிறந்ததுதான் ‘அமலனாதிபிரான்’.

பத்தே பாசுரங்கள். பாதத்தில் தொடங்கி ஆடை, உந்தி, மார்பு, கழுத்து, வாய், கண் என்று பார்வை மெல்ல ஏறுகிறது. பார்க்கவே கூடாது என்று தடுக்கப்பட்ட ஒருவர், கிடைத்த ஒரே வாய்ப்பில் அவசரப்படாமல் பார்க்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பாட்டு நம்மை நிறுத்துகிறது என்றால் காரணம் இதுதான் என்பேன். பக்தி இல்லாதவருக்கும் அந்தக் கண்களின் பசி புரியும்.

பாட்டை ஏற்றுக்கொண்டவர்கள் பாடியவரை என்ன செய்தார்கள்? முதல் மூன்று பாசுரங்களின் முதலெழுத்துகளில் ஓங்காரத்தைக் கண்டார்கள். வேதம் காதில் விழவே கூடாதென்று விலக்கப்பட்டவரின் வாயில் வேதத்தின் சாரம்! ஆனால் அவரைப் பாணருக்குப் பிறந்தவராக ஏற்க மனம் வரவில்லை. நெல்வயலில் கிடைத்த குழந்தை, பாணர் எடுத்து வளர்த்தார் என்று கதை சொன்னார்கள். முடிவிலும் அவர் பெருமாளோடு கலந்து மறைந்துவிடுகிறார். கருவறைக்குள் போனவர் வெளியே வரவில்லை. அவர் பின்னால் அவருடைய மக்கள் யாரும் உள்ளே போகவும் இல்லை. நந்தனுக்கு நெருப்பு, பாணருக்கு ஐக்கியம். இரண்டிலும் ஒருவர் உள்ளே போகிறார், சேரி வெளியிலேயே நிற்கிறது.

துறவிகள் கடவுளுக்கு முன் சமத்துவம் பேசினார்கள், மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலான போராட்டத்தைத் தொடவில்லை என்று ‘சாதி ஒழிப்பு’ நூலில் அண்ணல் அம்பேத்கர் விமர்சித்தது இதைத்தான். அதே அண்ணல் 1948இல் தீண்டத்தகாதோர் பற்றிய தன் நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளர் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். அவர்களைக் கொண்டாடவும் தெரிந்திருந்தது, கேள்வி கேட்கவும் தெரிந்திருந்தது. நமக்கும் இரண்டும் வேண்டும்.

பாசுரம் ஒலித்த கோயில்களுக்குள் பாடியவரின் மக்கள் சட்டப்படி நுழைய 1939, 1947 ஆலயப் பிரவேசச் சட்டங்கள் தேவைப்பட்டன. கருவறைப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. ஸ்ரீரங்கத்திலேயே அர்ச்சகர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அங்கே படித்த மூன்று பெண்கள் 2023இல் சான்றிதழ் வாங்கினார்கள். ஆனால் 2021இல் பக்கத்து வயலூர் முருகன் கோயிலில் பிராமணரல்லாத இருவரை அர்ச்சகராக நியமித்ததும் வழக்கு வந்தது. தகுதியும் பயிற்சியும் இருந்தும் பிறப்பைத்தான் கேட்கிறார்கள்.

தோழர்களே, அமலனாதிபிரானைப் படியுங்கள். அது நம் சொத்து; பக்தி இலக்கியம் என்று ஒதுக்கி அவர்களிடமே விட்டுவிடாதீர்கள். அதைப் போற்றுகிறவர்களிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: ஒரு பாணரைத் தோளில் சுமந்த கதையை இத்தனை நூற்றாண்டுகளாகச் சொல்கிறீர்களே, அவருடைய பேரப்பிள்ளைகள் சொந்தக் காலில் நடந்து அர்ச்சகராக உள்ளே வந்தால் ஏன் நீதிமன்றத்துக்கு ஓடுகிறீர்கள்?

ஜெய் பீம்.